கண்ணுக்கும் கழுத்துக்கும் பொருந்தும் பைனாகுலர்

மூக்குக்கண்ணாடி அணிபவள் நான். டர்பனுக்கு வடக்கே மவுண்ட் மோர்லேண்டில் தகைவிலான் பறவைகள் அடையும் மாலையில், பைனாகுலரில் நடுவே சிறு வட்டம்தான் தெரிகிறது, சுற்றிலும் இருட்டு. கருவி பழுதா? – ஆசிரியை, டோங்காட்

பழுதில்லை அம்மா. கண்ணருகே இருக்கும் ரப்பர் வளையங்களைத் திருகி முழுவதும் உள்ளே இறக்குங்கள். மூக்குக்கண்ணாடி அணியாதவர்களுக்குத்தான் அவை வெளியே நிற்க வேண்டும். இறக்கியும் வட்டம் விரியவில்லை என்றால் அந்தக் கருவி உங்களுக்கானது அன்று. கண்ணைக் கருவியிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்து முழுக்காட்சியைப் பார்க்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கண்ணாடி அணிபவருக்கு அது 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 17, 18 இருந்தால் நிம்மதி. விவரக் குறிப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தினமும் அணியும் கண்ணாடியோடு கடைக்குப் போய்ப் பாருங்கள்.

உங்களுக்கு 8×42 ஏற்றது. 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்வில்லையின் விட்டம், மி.மீ.யில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மி.மீ. கையடக்கமான 8×25-இல் அது 3-ஐச் சற்றே தாண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தப் பறவைகள் பொழுது சாய்ந்த பிறகுதானே நாணலில் இறங்குகின்றன! அந்த நேரத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

அரை நாள் நடந்தால் கழுத்து வலிக்கிறது. எனக்கு வயது 67. – சாட்ஸ்வர்த் வாசகர்

ஐயா, கழுத்து வாரை இன்றே கழற்றிவிடுங்கள். முதுகில் குறுக்காக வந்து இரு தோள்களிலும் அமரும் வார் கிடைக்கிறது. பாரம் கழுத்தை விட்டு இறங்கிவிடும். பல ஆண்டுகள் கனத்த 10×50 ஒன்றைக் கழுத்தில் சுமந்து வலியை வாங்கிக்கொண்டவன் நான். இதை மாற்றிய வாரமே நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்து வாங்குவதானால் 8×32 பாருங்கள். 42-ஐவிடக் கணிசமாக எடை குறையும். பகலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. பர்மன் புஷ் காட்டில் உச்சிக்கிளை இருவாச்சியை அண்ணாந்து பார்ப்பதுதான் கழுத்துக்குப் பெரிய தண்டனை. மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று பாருங்கள்.

10 மடங்கு வாங்கலாமா? – வெருலம்

கை நடுக்கமும் 10 மடங்காகும். கண்ணுக்குத் தெரியும் பரப்பும் பொதுவாகக் குறுகும், புதரில் தாவும் தேன்சிட்டு தப்பிவிடும். 8 போதும்.

ஒன்பது வயது மகளுக்கு இரட்டை வட்டம் தெரிகிறதாம். – பீனிக்ஸ்

அவளுடைய கண்களுக்கு இடையிலான தூரம் குறைவு. பெரியவர்களுக்கான கருவிகள் பல, சுமார் 56 மி.மீ.க்குக் கீழே மடங்குவதில்லை. நன்றாக நெருங்கி மடங்கும் சிறிய கருவியை அவள் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

சற்று நேரம் பார்த்தாலே தலைவலி. – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பெரும்பாலும் இரு கண்களுக்கும் குவியம் ஒத்துப்போகாததே காரணம். வலப்பக்க வில்லையைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், பல கருவிகளில் வலக்கண் பக்கம் இருக்கும் திருத்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தைக் குறித்துவைத்தால், வீட்டில் வேறு யாராவது திருப்பிவிட்டாலும் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இதன் பிறகும் வலி தொடர்ந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.