ஐபி68 கைபேசியோடு கடலில் இறங்கலாமா?

'பெட்டியிலேயே ஐபி68 என்று போட்டிருக்கிறார்கள், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கடலுக்குள் இறங்கிப் படம் எடுக்கலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலா வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம்.

ஐபி68 என்பது தூசியையும் தண்ணீரையும் கைபேசி எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறியீடு. அதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. ஆய்வகத்தில் சோதிப்பது நல்ல தண்ணீரில், அதுவும் அசையாத தண்ணீரில். எங்கள் கடல் இரண்டிலும் சேராது.

பாம்பனில் என் மச்சான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவருடைய புதுக் கைபேசி, வலை இழுக்கும்போது சட்டைப்பையிலேயே நனைந்தது. கரைக்கு வந்த பிறகும் ஒழுங்காகத்தான் ஓடியது. வீட்டில் சார்ஜரைச் செருகியதும் 'ஈரம் உள்ளது' என்று திரை எச்சரித்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி செருகினார். உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் சார்ஜ் துளையின் முலாம் அரித்துப் பச்சைக் களிம்பு ஏறிவிடும், ஏறியது. அக்கா அரிசிப் பானையில் புதைத்து வைத்தார். அரிசி உப்பை எடுக்குமா? அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சேவை மையத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரம் பட்டால் சிவக்கும் ஒட்டுத்தாள் உள்ளே சிவந்திருப்பதைக் காட்டி, வாரண்டி கிடையாது என்று கையை விரித்தார்கள். விளம்பரத்தில் குளிப்பாட்டுவார்கள், வாரண்டித் தாளில் திரவச் சேதம் சேராது.

உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் உடனே அணைத்து, நல்ல தண்ணீரில் லேசாக அலசி, உதறி, காற்றாட வையுங்கள். முழுக்கக் காயும்வரை சார்ஜர் வயரைச் செருகவே செருகாதீர்கள். 'நனைந்ததை மறுபடி நனைக்கச் சொல்கிறானே' என்று சண்டைக்கு வருபவர்கள், தயாரிப்பாளர்களின் உதவிக் குறிப்பைப் படித்துவிட்டு வரவும். நான் பொறியாளன் இல்லைதான். ஆனால் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த உப்புக்காற்று இது. 2025இல் பக்கத்தில் புதுப் பாலமே திறக்க வேண்டியதாயிற்று.

மச்சான் பேச்சு வந்ததால் இன்னொன்று. படகு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் திரும்பும். அவர் திரும்பிவந்து படம் பார்ப்பதற்குள் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், திரையரங்கில் உட்கார்ந்தபடியே புதுப்படத்தின் கடைசிக் காட்சியைப் பதிவு செய்து போட்டுவிடுகிறான். கேட்டால், 'எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன்' என்கிறான். முதல் நாளே, முதல் காட்சியிலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்! திரையரங்கில் பதிவு செய்வது திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தப்படி குறைந்தது மூன்று மாதச் சிறைக்குரிய குற்றம் என்று குழுவிலேயே எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டான்.

உங்கள் கைபேசி எந்த மாடல் என்று எழுதவில்லையே. வயர்லெஸ் சார்ஜ் வசதி இருந்தால் துளை காயும்வரை அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் கழுத்தில் மாட்டும் தண்ணீர் புகாத பை ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.