மெலடி பாட்டை கான்சர்ட் பேண்டுக்கு (ஊதும் கருவிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்த குழு) எழுதலாமா? கேள்வி பதில்

கேள்வி: பாட்டு மூலத்தில் ஈ மேஜரில் இருக்கிறது. அதே ஸ்கேலில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். கிடார்காரருக்கு ஈ சுகம். டிரம்பெட், சாக்ஸ் போன்றவற்றுக்குத் தாளில் எழுதும் சுரம் வேறு, காதில் கேட்கும் சுரம் வேறு. உங்கள் டிரம்பெட்டுக்கு அது எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப் (அரை சுரம் ஏற்றும் குறி). ஆல்டோ சாக்ஸுக்கு ஏழு. அரை சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் வையுங்கள். டிரம்பெட்டுக்கு எஃப், ஆல்டோவுக்கு சி. கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, வாசிப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: பாடகர் பாடியதை அப்படியே எழுதினேன். கிளாரினெட்டில் கேட்டால் தந்தி அடிப்பது போல இருக்கிறது. ஏன்?

பதில்: வார்த்தை போய்விட்டது, அதனால்தான். பாடகர் ஒரே சுரத்தில் ஐந்து எழுத்து பாடினாலும் நம் காது வார்த்தையைத்தான் பிடிக்கும். அதையே ஊதினால் ஒரே சுரம் ஐந்து தடவை குத்துகிறது. அழுத்தம் விழும் எழுத்துகளுக்கு மட்டும் சுரத்தை வைத்து, நடுவில் வருவதை முந்தைய சுரத்தோடு கட்டிவிடுங்கள்.

தாளமும் அப்படித்தான். பாடகர் பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாடுவதைப் பதினாறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்து எழுதினால், எட்டு கிளாரினெட் எட்டு விதமாக வாசிக்கும். கூட்டமாக வாசிக்கும் இடத்தில் எளிமையான தாளம் போதும். அந்த இழுப்பு வேண்டுமென்றால் ஒரு தனி ஆளுக்கு சோலோவாகக் கொடுத்து, "சுதந்திரமாக" என்று மேலே எழுதுங்கள். அவர் பாட்டைக் கேட்டிருந்தால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

கேள்வி: முதல் சரணத்தை யாருக்குக் கொடுப்பது? ஃப்ளூட் தானே இனிமை?

பதில்: மேலே போனால் இனிமை. பாடகர் தாழ்ந்த குரலில் தொடங்கும் இடத்தில் ஃப்ளூட் காற்றாகத்தான் கேட்கும். பின்னால் நாலு ஹார்ன் இருந்தால் அதுவும் கேட்காது. என் முதல் தேர்வு யூஃபோனியம், தாழ்ந்த குரலில் பாடும் பித்தளைக் கருவி. அதற்கு அடுத்து ஆல்டோ சாக்ஸ். கிளாரினெட்டின் கீழ்ப்பகுதியும் அழகுதான், ஆனால் மெட்டு எங்கே உலாவுகிறது என்று பாருங்கள். ஈ ஃப்ளாட் ஸ்கேலில், நடு சி-க்கு மேலே இருக்கும் ஏ ஃப்ளாட்டிலிருந்து பி ஃப்ளாட்டுக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும், கிளாரினெட்காரர் விரல்கள் ஏறக்குறைய எல்லாம் திறந்த நிலையிலிருந்து எல்லாத் துளையையும் மூட வேண்டும். மெட்டு அந்த இரண்டு சுரத்துக்குள்ளேயே சுற்றினால் வேறு கருவி பாருங்கள்.

கேள்வி: பியானோ வாசிப்பதை எப்படிப் பிரிப்பது?

பதில்: பியானோவில் பெடல் இருக்கிறது, ஓடும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று தங்குகின்றன. பேண்டில் அந்தப் பெடலையும் நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டாம், மூன்றாம் கிளாரினெட்டுக்கும் ஹார்னுக்கும் நீண்ட கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது). ஓடும் சுரம் ஒரே ஒரு கருவிக்கு, வைப்ரஃபோன் (தட்டி வாசிக்கும் உலோகப் பட்டைக் கருவி) இருந்தால் அதற்கே. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் ஓட்டை விழும், மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லி பார்ட்டிலேயே (அவரவர் வாசிக்கும் தாளிலேயே) குறியுங்கள். அப்புறம், டியூபா, டிரம்போன் கீழே வாசிக்கும்போது நெருக்கமான மூன்றாம் சுரம் (சி-யோடு ஈ போல) வைக்காதீர்கள், குழம்பிப்போகும். அங்கே ஆக்டேவ் (அதே சுரம், மேல் ஸ்தாயியில்), ஐந்தாம் சுரம் (சி-யோடு ஜி போல) மட்டும்.

கேள்வி: கடைசிப் பல்லவி எடுபடவில்லை. எல்லாரும் ஃபோர்ட்டிசிமோதான், மிகச் சத்தமாகத்தான், வாசிக்கிறார்கள்.

பதில்: அதற்கு முன்னால் டிரம்பெட் எத்தனை பார் (தாளச் சுற்று) வாசித்தது என்று எண்ணிப் பாருங்கள். முதல் சரணத்திலிருந்தே ஊதிக்கொண்டிருந்தால், கடைசியில் புதிதாகக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அவர்களைச் சும்மா உட்கார வையுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. பல்லவிக்கு முந்தைய இரண்டு பாரில் டியூபாவையும் நிறுத்திப் பாருங்கள். பேஸ் திரும்பி வரும்போது அரங்கமே நிமிரும். ஸ்கேல் ஏற்றுவதானால் அரை சுரம் வேண்டாம், மறுபடி ஈ-யில் மாட்டிக்கொள்வீர்கள். முழு சுரம் ஏற்றி எஃப்-க்குப் போங்கள்.

கேள்வி: ஓபோ, பசூன் ஆள் இல்லை.

பதில்: அவர்கள் வரியைச் சின்ன எழுத்தில் வேறு பார்ட்டிலும் போட்டுவையுங்கள். ஓபோவுக்கு ஃப்ளூட் அல்லது கிளாரினெட், பசூனுக்கு டெனர் சாக்ஸ்.

கேள்வி: அனுமதி வாங்க வேண்டுமா? எங்கள் பேண்டுக்கு மட்டும்தானே?

பதில்: உரிமை காலாவதி ஆகாத பாட்டு என்றால், ஆம். மேடையில் வாசிக்க வாங்கும் அனுமதி வேறு, பாட்டை மாற்றி எழுத வாங்கும் அனுமதி வேறு. இரண்டாவதை உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும், அதுவும் எழுத உட்காருவதற்கு முன்னாலேயே. பார்ட்டில் பாட்டு வரிகளை அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேளுங்கள்.