ஸ்டேர்லிஃப்ட் போட்டுவிடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறோம். என் கணவருக்கு மோட்டார் நியூரான் நோய் (தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நரம்பு நோய்) என்று நான்கு மாதத்துக்கு முன் சொன்னார்கள். அன்று நடந்துதான் வீட்டுக்கு வந்தார். இப்போது மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். வீட்டை மாற்றியமைக்கும் உதவித்தொகைக்கு ஆறு மாதம் ஆகலாம் என்கிறது கவுன்சில். கைப்பணத்தில் ஸ்டேர்லிஃப்ட் (படியோரத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் நாற்காலி) போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள், அம்மா. நீங்கள் சொல்லும் உதவித்தொகையான டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்டில், ஒப்புதலுக்கு முன்பே தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

ஆறு மாதம் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்கு வைத்த கடைசிக் கெடு. அதற்கு முன்பே முடிவு சொல்லலாம். ஆனால் முழு விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும். போனில் பேசிய நாளெல்லாம் சேராது. போன் செய்ததையே விண்ணப்பம் என்று நம்பி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். படிவத்தை இன்றே எழுத்தில் கேளுங்கள்.

ஸ்டேர்லிஃப்ட் விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைச் செய்ய என்ன உதவியும் மாற்றமும் தேவை என்று மதிப்பிடுபவராக) இருந்தபோது, இதே நோய் வந்த ஓர் அம்மாவுக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் அவரே வந்து கதவைத் திறந்தார். லிஃப்ட் பூட்டிய அன்று அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மகன் அந்த அம்மாவின் தோளைத் தாங்கிப் பிடித்தபடி கூடவே படியேறினார். இரண்டு வாரம்கூட அது பயன்படவில்லை. அன்றைக்கு இருந்த உடம்பைப் பார்த்து எழுதினேன், வரப்போகும் உடம்பை யோசிக்கவில்லை.

அதனால் உங்கள் தெரபிஸ்டிடம் கேளுங்கள்: கீழ்த்தளத்திலேயே படுக்கையும் சக்கர நாற்காலியோடு போகக்கூடிய குளியலறையும் அமையுமா? பவர் வீல்சேர் வாசலில் நுழையுமா? நோய் வேகமாக முற்றும் என்று நரம்பியல் மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள்.

இங்கிலாந்தில் இந்தத் தொகைக்கு உச்சவரம்பு 30,000 பவுண்டு. உங்கள் இருவர் வருமானத்தையும் சேமிப்பையும் பார்ப்பார்கள். ஆனால் 2002இல் வந்த ஆணைப்படி கவுன்சில்கள் சொந்த விதி வகுத்துக்கொள்ளலாம். சில இடங்களில் இப்படிப்பட்ட நோய்களுக்கு வருமானக் கணக்கே பார்ப்பதில்லை. அந்த விதிகள் இருக்கும் ஹவுசிங் அசிஸ்டன்ஸ் பாலிசியை உங்கள் கவுன்சிலிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள், அவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். கைப்பிடி மாதிரி 1,000 பவுண்டுக்குள் அடங்கும் சின்ன மாற்றங்கள் தேவை என்று மதிப்பீட்டில் வந்தால், அவற்றுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. அதற்கு இந்த கிராண்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அப்புறம், கட்டிலை இந்த வாரமே கீழே இறக்கிவிடுங்கள். முன்னறை சோபா போனால் போகட்டும்.