வாரம் ஒரு தடவை பேட்டரிக்குத் தண்ணி கேட்டா

யாங்கூன் ஏப்ரல் வெயில்ல வண்டி பேட்டரித் தண்ணி கொஞ்சம் குறையறது சகஜம்தான். ஆனா வாராவாரம் ஆறு அறைக்கும் ஊத்துறேன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு வெயிலை மட்டும் பழி சொல்ல முடியாது. இஞ்சின் சூடானதும் ஓடவிட்டு, வோல்ட் அளக்குற மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகள்ல வச்சுப் பாருங்க. 13.8லிருந்து 14.4 வோல்ட் வரைக்கும் சரி. 15ஐத் தொட்டா, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் கோளாறு, தண்ணிய வாயுவாக்கி விரட்டுறது அதுதான். ஒரே ஒரு அறை மட்டும் வத்தினா அந்த செல் போச்சு, பேட்டரிய மாத்த வேண்டியதுதான்.

ஊத்துறது காய்ச்சி வடிச்ச தண்ணியா இருக்கணும். அறைக்குள்ள இருக்கிற தகடு மூழ்கி 10 மில்லிமீட்டர் மேல நின்னா போதும். குழாய்த் தண்ணி வேணாம். ஆசிட் ஊத்தச் சொல்ற கடைக்காரர் பக்கமே போகாதீங்க: வத்துறது தண்ணி மட்டும், ஆசிட் உள்ளேயேதான் இருக்கு.