விளம்பரத்தில் பெண் முகம், ஆண்டறிக்கையில் என்ன இருக்கிறது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பி.காம். முடிக்கும் மகளுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று டிவியில் தினமும் வரும் பெரிய கம்பெனி, ஆனால் சேல்ஸ். இன்னொன்று பெயர் தெரியாத கம்பெனி, மதுரையில் ஆபீஸ் வேலை. எதில் பெண் பிள்ளை மேலே வர முடியும் என்கிறீர்கள்.

காய்ந்த கடல்பாசி வாங்க வருகிறவர் சாக்கைப் பார்த்தா விலை சொல்கிறார்? கையை உள்ளே விட்டு ஈரமும் மணலும் பார்க்கிறார். கம்பெனியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பங்குச்சந்தையில் மதிப்பில் முன்னணியில் உள்ள 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு, ஊழியர் நலன் உட்பட கம்பெனியின் பொறுப்புகளைச் சொல்லும் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையும் தர வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. கம்பெனி இணையதளத்திலேயே கிடைக்கும். இயக்குநர் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சட்டக் கட்டாயம். அந்த ஒருவர் முதலாளி வீட்டுப் பெண்ணாகவே இருந்துவிடக் கூடாது என்றுதான், இந்த 1,000 கம்பெனிகளிலும் ஒரு பெண்ணாவது சுயேச்சை இயக்குநராக, அதாவது முதலாளியோடு சம்பந்தம் இல்லாத இயக்குநராக, இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து விதி வந்தது.

மகள் பிஆர்எஸ்ஆரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வேறு. பிரசவ விடுப்பு முடிந்து எத்தனை சதவீதம் பேர் திரும்பினார்கள் என்று ஒரு கணக்கு. திரும்பியவர்களில் 12 மாதம் கழித்தும் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்று இன்னொன்று. முதலாவது 95, இரண்டாவது 60 என்றிருந்தால், வந்தவர்களால் அங்கே நிலைக்க முடியவில்லை. மேலே போக வேண்டிய பெண்கள் பலர் கழன்றுகொள்வது இந்த இடத்தில்தான். வேலையை விட்டவர்களின் மூன்று வருடக் கணக்கும் ஆண், பெண் எனத் தனித்தனியாக இருக்கும். பாலியல் தொல்லைப் புகார் 'பூஜ்யம்' என்று போட்டிருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் பூஜ்யம் என்றால், புகார் சொல்லப் பயப்படுகிறார்கள் என்றும் பொருள் இருக்கலாம்.

சின்னக் கம்பெனிக்கு இந்த அறிக்கை இருக்காது. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் புகார்க் குழுவின் தலைவர் யார் என்று நேர்காணலில் கேட்கட்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் குழு கட்டாயம், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

சேல்ஸுக்குப் பயப்படாதீர்கள். தலைமைப் பதவிக்குப் போகிறவர்கள் பலரும் வரவு செலவைக் கையில் வைத்து விற்றுப் பழகியவர்கள். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தியவர், ஆரம்பத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் ஸ்டேஃப்ரீ நாப்கினுக்குப் பொறுப்பாக இருந்தார். (உங்கள் கரையில் பாசி வளர்ப்பைத் தொழிலாக்கியதும் அதே பெப்சிகோதான், அவர் தலைமைக்கு வருமுன்.)

ஆனால் ஆஃபர் கடிதத்தில் இவை எழுத்தில் வேண்டும்: எந்தெந்த ஊர், இரவு தங்கல் உண்டா, பயணப்படி எவ்வளவு, டார்கெட் முடிக்காத மாதம் கைக்கு எவ்வளவு வரும். சி.டி.சி.யை, அதாவது பி.எஃப். போன்றவையும் சேர்த்துக் கம்பெனி ஒருவருக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, கைச்சம்பளம் என்று நினைத்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம், இருந்தால் எத்தனை மாதம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். மூலச் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் விட்டுவைக்க வேண்டாம். காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும்.