சுவான்சௌ பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருக்கிறேன். இன்னும் 14 மாதங்களில், அடுத்த ஆண்டு மே மாத இறுதியில், ஓய்வு பெறுகிறேன். அந்த நவம்பரில் கணவருடன் சீனாவிலுள்ள சுவான்சௌ நகருக்குச் சென்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. பயண முகவர் ஒருவர் பெய்ஜிங், சியான், ஷாங்காய் ஆகியவற்றோடு சுவான்சௌவையும் சேர்த்து இருவருக்கும் 4,40,000 ரூபாய் கேட்கிறார். சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே தனிநபர் கடன் வாங்கி இப்போதே கட்டிவிட்டால் 36 தவணைகளில் அடைத்துவிடலாம் என்கிறார். வீட்டுச் செலவும் எஸ்.ஐ.பி. எனும் மாத முதலீடும் போக மாதம் 20,000 ரூபாய் மிஞ்சுகிறது. பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சமும், அவசரத்துக்கென வைப்புநிதியில் 3 லட்சமும் இருக்கின்றன. கடன் வாங்குவதா, ஃபண்டை விற்பதா, பணிக்கொடை வரும்வரை காத்திருப்பதா? சீன நாணயமான யுவானின் விலை ஏறிவிடும் என்ற பயமும் இருக்கிறது. கணவருக்கு வயது 62, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். (வாசகி, கும்பகோணம்)

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்று வழிகளில் எதுவுமே உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. உங்கள் ஆசையின் விலை 4,40,000 ரூபாய் என்று முகவர் சொன்னதை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டதால்தான் கடனைப் பற்றிய யோசனையே வந்திருக்கிறது. நீங்கள் பார்க்க விரும்புவது ஒரே ஒரு நகரம், முகவர் விற்பதோ நான்கு நகரங்கள். முதலில் விலையைச் சரிசெய்துகொண்டு, பிறகு பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம்.

சுவான்சௌ தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது. அதன் பெயரோடு ஒலியில் நெருங்கிய குவாங்சௌ, குவாங்டொங் மாகாணத்தின் தலைநகர். பயணச்சீட்டு எடுக்கையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் இறங்குவது எளிது என்பதால், சீட்டில் விமான நிலையக் குறியீடு ஜே.ஜே.என். என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சி.ஏ.என். என்றிருந்தால் அது குவாங்சௌ. நேரடியாகச் சுவான்சௌவுக்குச் செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக அதே மாகாணத்திலுள்ள சியாமென் நகரில் இறங்கினால், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரப் பயணம்தான், கட்டணமும் சில பத்து யுவான்களே. வரலாற்று ஆசிரியையான உங்களுக்குச் சியாமெனில் இறங்குவதே நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் பாடத்தில் சொல்லி வந்த அந்தக் கல்வெட்டு, அதாவது 1281ஆம் ஆண்டு சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைத் தமிழில் சொல்லி, அடியில் சீன எழுத்துகளையும் கொண்டிருக்கும் கல், இன்று சுவான்சௌவில் இல்லை. அது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியார் நுழைவதற்கு முன்பதிவு தேவை என்பதால், புறப்படும் முன்பே அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டு, கல் பார்வைக்கு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முகவரின் பட்டியலில் சியாமென் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நான்கு நகரங்களுக்குப் பணம் கட்டிவிட்டு, போன காரியத்தைப் பார்க்காமலே திரும்பியிருப்பீர்கள்.

இருவருக்கும் 9 நாள், 8 இரவு என வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். யுவானுக்கு 13 ரூபாய் என்று எடுத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து போகவர விமானக் கட்டணம் 90,000 ரூபாய், விசாவுக்கும் அதன் சில்லறைச் செலவுகளுக்கும் 10,000 ரூபாய். இரவுக்கு 350 யுவான் வாடகையில் நடுத்தர விடுதிக்கு 2,800 யுவான். சாப்பாடு, வாடகை வண்டி, பேருந்து ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 300 யுவான் வீதம் 2,700 யுவான். ரயில், நுழைவுக் கட்டணம், இரண்டு நாள்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றுக்கு 1,500 யுவான். இந்த 7,000 யுவானும் ரூபாயில் 91,000 ஆகிறது. பயணக் காப்பீட்டுக்கு 5,000, கைப்பேசி இணையத்துக்கு 3,000, வாங்கிவரும் பொருள்களுக்கு 15,000 ரூபாய் என வைத்தால் மொத்தம் 2,14,000 ரூபாய். எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம், அதாவது 32,100 ரூபாய் சேர்த்தால் 2,46,100. முகவர் கேட்டதில் இது ஏறத்தாழ 56 சதவீதம்தான். இவை என் மதிப்பீடுகள் என்பதால் விமானக் கட்டணத்தை மட்டும் நீங்களே சில வாரங்கள் தொடர்ந்து பார்த்து, தேவையென்றால் தொகையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணத்துக்கு இவ்வளவு குறைவாக ஒதுக்கியது தவறுதலாக அல்ல. 2021இல் சுவான்சௌவின் 22 இடங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் உங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் இலவசம், அல்லது மிகக் குறைந்த கட்டணம். கைய்யுவான் பௌத்தக் கோயிலின் முதன்மை மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. இடிந்துபோன சிவன் கோயிலிலிருந்து வந்து சேர்ந்த அவற்றின் வட்டச் சிற்பங்களில் நரசிம்மரையும் கண்ணனையும் நம் ஊர்க் கோயில் தூணில் பார்ப்பதைப் போலவே பார்க்கலாம். கூட்டம் முன்புறத்தில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கும், பின்புறம் ஆளிருக்காது. அதனால் அரைநாளை அங்கேயே கழியுங்கள். லிங்கத்தை வணங்கும் யானையின் புடைப்புச் சிற்பம் உள்ளிட்ட கற்களைக் கொண்ட கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை, ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. 1009இல் எழுந்த சிங்ஜிங் மசூதியும், அடித்தளக் கற்களைப் பிணைக்கச் சிப்பிகளை வளர்த்துக் கட்டிய 11ஆம் நூற்றாண்டின் லுவோயாங் பாலமும் எஞ்சிய நாள்களுக்குப் போதும். செலவழிக்க வேண்டியது மொழிபெயர்ப்பாளருக்குத்தான், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனி, கடனுக்கு வருவோம். 4,40,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 15,040 ரூபாய், மொத்த வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வட்டியைவிட எனக்கு உறுத்துவது தேதிதான். 36 தவணைகளில் 14 மட்டுமே சம்பளத்திலிருந்து போகும், மீதி 22 தவணைகளும் ஓய்வூதியத்திலிருந்து போக வேண்டும். ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதோடு, 20 மாதங்களுக்குப் பிறகு நடக்கவிருக்கும் பயணத்துக்கு முழுத் தொகையையும் இன்றைக்கே ஒருவரிடம் கொடுத்து வைப்பது, அவருக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்குச் சமம். அவர் கடையை மூடிவிட்டாலும் வங்கிக்குத் தவணை கட்ட வேண்டியவர் நீங்கள்தான். முகவர்கள் ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொன்னாலும், ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் குறைக்கும் தொகைதான் அந்த வட்டி.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை முகவரிடம் வாங்கும்போது டி.சி.எஸ். எனும் மூலவரி வசூலும் சேரும். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி தொகை எவ்வளவானாலும் 2 சதவீதம். அந்த விகிதத்தில் உங்கள் தொகுப்புக்கு 8,800 ரூபாய். வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். பட்ஜெட்டுகளில் இந்த விகிதம் மாறுவது உண்டு என்பதால், பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். விமானச்சீட்டை மட்டும், அல்லது விடுதி அறையை மட்டும் தனியாக வாங்கினால் அது ‘தொகுப்பு’ ஆகாது. ஆகவே தனித்தனியாக முன்பதிவு செய்தால் இந்தப் பிடித்தமே வராது.

ஃபண்டை விற்க வேண்டாம். அது உங்கள் ஓய்வுக்காலத்தின் பிற்பகுதிக்கான பணம். பயணத்துக்கு இன்னும் 20 மாதங்களே இருப்பதால் புதிதாகச் சேர்க்கும் பயணப் பணத்தையும் பங்குச்சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நவம்பரில் போக வேண்டிய பயணத்துக்கு ஜூலையில் சீட்டு எடுக்கும் நேரத்தில் சந்தை 20 சதவீதம் சரிந்திருந்தால், அது மீளும்வரை காத்திருக்க உங்களால் முடியாது. பணிக்கொடையை நம்பித் தேதி குறிப்பதும் சரியல்ல. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தங்கும் என்பதை ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மாதம் 17,000 ரூபாய்க்கு 14 மாதத் தொடர் வைப்பு ஒன்றை வங்கியிலோ அஞ்சல் நிலையத்திலோ தொடங்க நினைத்தால், கால அளவு உங்களுக்கு ஒத்துவருவது வங்கியில்தான். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்குரியது. 6.5 சதவீத வட்டியில், நீங்கள் கட்டும் 2,38,000 ரூபாய் ஓய்வு பெறும் மே மாதத்தில் சுமார் 2,47,600 ரூபாயாக இருக்கும். தேவை 2,46,100. அதாவது, கடைசிச் சம்பளம் வாங்கும் நாளில் பயணப் பணம் முழுவதும் கையில் இருக்கும், ஓய்வூதியத்தில் கைவைக்க வேண்டியதில்லை. விமானச்சீட்டுக்கு வேண்டியதைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு, எஞ்சியதை அக்டோபர்வரை குறுகிய கால வைப்பில் போடுங்கள். மாதம் மீதமிருக்கும் 3,000 ரூபாயையும் அவசர வைப்புநிதி 3 லட்சத்தையும் இந்தப் பயணம் தொடக் கூடாது.

யுவான் விலை பற்றிய பயத்தைப் பார்ப்போம். யுவானில் நீங்கள் செலவழிக்கப்போவது 7,000 மட்டுமே. அதன் விலை 5 சதவீதம் ஏறினாலும் கூடுதல் செலவு 4,550 ரூபாய், அதை எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு தாங்கும். இதற்காக இப்போதே யுவான் வாங்கி வைப்பதில் பொருளில்லை. அட்டைக் கட்டணமோ கண்ணுக்குத் தெரியாமல் அதே அளவு பணத்தைக் கொண்டுபோகும். பல கடன் அட்டைகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 91,000 ரூபாய்க்கு இது சுமார் 3,760 ரூபாய் ஆகும். இந்தக் கட்டணம் இல்லாத அட்டை ஒன்றைத் தேடி வாங்குங்கள். வங்கி தரும் பயண அட்டை என்றால், அதில் யுவானையே ஏற்ற முடியுமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். டாலர் ஏற்றிய அட்டையால் யுவான் செலவழித்தால் நாணய மாற்றுக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள்.

சுவான்சௌவில் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக்கூட மேசையில் ஒட்டியிருக்கும் சதுரக் குறியைக் கைப்பேசியால் படம்பிடித்துத்தான் பணம் கொடுப்பார்கள். அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலேயே இணைத்து, கடவுச்சீட்டுச் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட பரிமாற்றங்களுக்கு அங்கே கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே விடுதி வாடகையை நேரடியாக அட்டையிலும், சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் செயலியிலும் கொடுப்பது நல்லது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த எண்ணில் சர்வதேச ரோமிங் இயங்க வேண்டும். ரொக்கமாக ஓர் 800 யுவான் போதும். அட்டை இயந்திரத்தில் ‘ரூபாயா, யுவானா’ என்று கேட்டால் யுவானைத் தேர்ந்தெடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விடுதியொன்றில், ரூபாய் என்றால் தொகை தெளிவாகத் தெரியுமே என்று அதை அழுத்திவிட்டு, பிறகு ரசீதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது 4 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்பவன் செய்த வேலை அது.

நவம்பர் நல்ல தேர்வு. புயல் பருவமும், அக்டோபர் முதல் வாரத்தின் தேசிய விடுமுறைக் கூட்டமும் அதற்குள் ஓய்ந்திருக்கும். விசாவுக்கு மிக முன்கூட்டியே விண்ணப்பிக்காமல், புறப்பட ஆறு வாரம் இருக்கையில் தொடங்குங்கள். வாங்கும் விமானச்சீட்டு தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும், அதற்கு இரண்டாயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை. பயணக் காப்பீட்டில் உங்கள் கணவரின் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் மருத்துவமனைக் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். முன்பே உள்ள நோயால் வரும் அவசர நிலைக்கும் ஈடு தரும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். பிரீமியம் நான் ஒதுக்கிய 5,000 ரூபாயைத் தாண்டினால், பொருள் வாங்க வைத்த 15,000 ரூபாயிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் கணக்கில் பெரும்பகுதி எப்படியும் தேயிலைக்குத்தான் போகும், ஏனெனில் தியேகுவான்யின் எனும் தேயிலை விளையும் அன்ஷி, சுவான்சௌவின் ஆட்சிக்கு உட்பட்ட வட்டம். கோயில் வாசல் கடைகளில் சுவைத்துப் பார்க்கச் சொல்லி உட்காரவைப்பார்கள். விலை 500 கிராமுக்கா, 50 கிராமுக்கா என்று கேட்டுவிட்டுக் கோப்பையைக் கையில் எடுங்கள்.