கிராஃபீன் ஆக்சைடு: கேட்டவர்களுக்குப் பதில்

தேவகோட்டை எம்.எஸ்சி. மாணவி: அக்கா, நம்ம சிவகங்கை கிராஃபைட்டை வைத்தே கிராஃபீன் ஆக்சைடு செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம்மா. கிராஃபைட்டின் அடுக்குகளில் ஆக்சிஜனை ஏற்றிப் பிரித்த மெல்லிய கரித்தகடுகள்தான் கிராஃபீன் ஆக்சைடு. சிவகங்கையில் கிடைப்பது அதற்கு ஏற்ற செதில் கிராஃபைட்தான். ஆனால் மண்ணும் சிலிகாவும் நீக்கிய தூளாகப் பார்த்து வாங்கு.

காரைக்குடி ஆய்வு மாணவர்: ஹம்மர்ஸ் முறையில் பர்மாங்கனேட் போட்டதும் கலவை கரும்பச்சை ஆகிறதே, சரியா மேடம்?

ஹம்மர்ஸ் முறை என்றால் அடர் கந்தக அமிலத்தில் பர்மாங்கனேட் போட்டு கிராஃபைட்டில் ஆக்சிஜன் ஏற்றுவது. அதில் பச்சை வருவது இயல்பு. அவசரப்பட்டால்தான் ஆபத்து. அடர் கந்தக அமிலத்தில் பர்மாங்கனேட் விழுந்ததும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு உண்டாகிறது. சுமார் 55 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கும். பாத்திரத்தை ஐஸில் வைத்து, 20 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல், சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். 1958-இல் வந்த மூல முறையில் சோடியம் நைட்ரேட்டும் உண்டு, அதிலிருந்து நச்சுப்புகை கிளம்பும். 2010-இல் வந்த திருத்திய முறையில் நைட்ரேட் கிடையாது. கந்தக, பாஸ்பாரிக் அமிலங்கள் 9:1. என் ஓட்டு அதற்குத்தான். புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம்.

அதே மாணவர்: கழுவக் கழுவ ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. வேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜில் இறங்கவே மாட்டேன் என்கிறது.

நல்ல அறிகுறி! அமிலம் குறையும்போது தகடுகள் நீரை இழுத்து உப்பும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி உப்புகளை வெளியேற்றுங்கள், அப்புறம் தண்ணீர். பொட்டாசியம் உப்பு தங்கினால் காய்ந்த தூள் எளிதில் தீப்பிடிக்கும்.

பள்ளத்தூர் வாசகி: தன்மையை இஷ்டப்படி மாற்றலாம் என்கிறார்களே, எதை மாற்றுகிறீர்கள்?

பெரும்பாலும் ஆக்சிஜனைத்தான். கிராஃபைட்டில் அடுக்குகளுக்கு இடையே 0.335 நானோமீட்டர், ஆக்சிஜன் ஏறியதும் 0.7 முதல் 0.9 வரை விரியும். அடுக்கு இடைவெளியைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையில் 26.5 டிகிரி கோணத்தில் இருந்த உச்சி 10, 11 பக்கம் நகர்ந்திருந்தால் வேலை முடிந்தது. இந்தப் பழுப்புப் பொருள் தண்ணீரில் நன்றாகக் கலக்கும், மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. வைட்டமின் சி சேர்த்து 95 டிகிரியில் சூடாக்கினால் ஆக்சிஜன் இறங்கி, கறுத்து, கடத்தத் தொடங்கும். கூடவே கட்டி தட்டும். கொஞ்சம் அம்மோனியா விட்டு காரத்தன்மையை ஏற்றினால் கட்டி குறையும். வாயு சென்சாருக்கு என்றால் பாதியில் நிறுத்துங்கள், மிச்ச ஆக்சிஜனிலும் வாயு ஒட்டும். முழுக்க இறக்கினாலும், ஆக்சிஜன் ஏற்றும்போது தகட்டில் விழுந்த ஓட்டைகள் ஆறாது. 2004-இல் மான்செஸ்டரில் கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்த கிராஃபீன் தகட்டின் தரம் இதற்கு வராது.

ஆத்தங்குடி கல் பட்டறைக்காரர்: சிமெண்டில் கலந்தால் கல் உறுதியாகுமாம்மா?

ஆகும் ஐயா, சிமெண்ட் எடையில் நூறில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாகப் போட்டாலே. ஆனால் சிமெண்டின் கால்சியம் பட்டதும் தகடுகள் திரளும். சிமெண்ட் குழைவுக்குச் சேர்க்கும் பாலிகார்பாக்சிலேட் கலவைப்பொருளோடு முன்கூட்டியே தண்ணீரில் கலக்கிக்கொள்ள வேண்டும். நிறம் மங்கலாம். பூவேலைக்கு அடியில் வரும் சாந்தில் மட்டும் சேர்த்து, ஒரு கல் ஊற்றிப் பாருங்கள்.